பதினான்காவது பெயர்

மூன்று நாளாகத் தொண்டை கரகரப்பு. இன்று காலை ஐந்தரைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளித்தபோது, அந்தச் சத்தத்தில் ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம் ஞாபகம் வந்தது.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அப்பாவும் ஒருநாள் விடியுமுன் இப்படித்தான் கொப்பளித்தார். கட்டிப்போன குரல் திரும்பவில்லை. ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடப்படாதவருக்கு அன்று வேலை கிடையாது. அதனால் அப்பா பட்டியலில் விரலால் காட்ட, பக்கத்தில் நின்று அம்மா பெயர்களைப் படித்தார். பதினான்காவது பெயரில் நின்றுவிட்டார். அது ஆறுமுகம். அப்பாவின் பெயரும் அதுதான். புருஷன் பெயரை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

"அக்கா, என்னை விட்டுடாதீங்கலா!" என்று பால்மரம் வெட்டும் அந்த ஆறுமுகம் கெஞ்சினார்.

"எங்க வீட்டுக்காரர் பேரு உள்ளவரு!" என்றார் அம்மா.

வருகையைப் பதியும் கிராணி பேனாவை எடுக்கவில்லை. "பேரைச் சொல்லும்மா."

அம்மா தலை குனிந்தார். அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆறுமுகம்!" என்றார். சேவல் குஞ்சின் முதல் கூவல் போல இருந்தது.

"வந்துட்டேன் மண்டோரே!" கூட்டமே சிரித்தது. அம்மா பெருமூச்சு விட்டு, பதினைந்தாவது பெயரைப் படித்தார்.

நான் உப்புத் தண்ணீரைத் துப்பியதும், "சரவணா, தொண்டை எப்படி இருக்கு?" என்று குசினியிலிருந்து என் மனைவி பெயர் சொல்லிக் கேட்டாள்.

"தேவலை" என்றேன். குரல் உடையாமல் வந்தது.