சாவி எடுத்தால் மறந்துவிடும் பாட்டுப் பெட்டி

அன்று திங்கட்கிழமை. புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடை ஓரமாக நின்று எஸ்தர் அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மீஞ்சூரிலிருந்து அவர் கார் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எங்களோடு அதே காரில் வரும் நாகமணி, கையில் போனை வைத்துக்கொண்டு சாலையைப் பார்க்காமலே கடந்து வந்தாள். "எஸ்தர் அக்கா செத்துப்பூட்டாங்கடி வசந்தி" என்றாள். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. வழக்கம்போல மூன்று டீ போட்டு நீட்டினார்.

நம் உருக்காலையில் எஸ்தர் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. லேப்பில் அவர் இருந்தவரை, சரியில்லாத இரும்புக்கு யார் சொன்னாலும் கையெழுத்து வாங்க முடியாது. அதைப்பற்றி இந்த நினைவுக் கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவருடைய பழைய காரையும் அதிலிருந்த பாட்டுப் பெட்டியையும் பற்றித்தான். அதைச் சொன்னால் அவரைச் சொன்னதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ் நின்றுபோனபோது, ஸ்டோரில் இருக்கும் நாகமணியும் டெஸ்பாட்சில் இருக்கும் நானும் கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். இரண்டு நாள் பார்த்தார் அக்கா. மூன்றாவது நாள் எங்கள் எதிரில் காரை நிறுத்தி, "இன்னா பாக்குறீங்க, ஏறுங்க" என்றார். செகண்ட் ஹேண்ட் கார். அதில் புதிதாக இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். விரல் நகம் அளவு பென்டிரைவில் நூற்றுக்கணக்கான பாட்டு. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. "குழில உழுந்து வண்டி எகிறினாலும் பாட்டு எகிறாது பாரு" என்பார். உண்மைதான். நம் தொழிற்பேட்டைச் சாலையில் எங்கள் இடுப்பெலும்பு எகிறியது, பாட்டு எகிறவில்லை.

முதலில் போனையே பெட்டியோடு இணைத்துப் பாட வைத்தார். ஒருநாள் பின்சீட்டில் நாகமணி எங்கள் மேனேஜரைப் போலவே தொண்டையைக் கனைத்து, மூக்கால் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்துக் கொண்டிருந்தோம். திடீரென்று பாட்டு நின்று, நாலு ஸ்பீக்கரிலும் அதே குரல், "எஸ்தர் மேடம், இது யாரு பேசறது?" என்றது. அழைப்பு வந்தால் பெட்டி தானே எடுத்துவிடும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. "ரேடியோ சார்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அன்று மாலையே போன் இணைப்பைத் துண்டித்தார். "பொட்டிக்கு வாய் இருந்தா போதும், காது வேணாம்" என்பது அவர் தீர்ப்பு. அதன்பிறகு பென்டிரைவ் மட்டும்தான்.

அடுத்தது பேட்டரி. வண்டி நிற்கும்போதும் அந்தப் பெட்டி ரகசியமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு சாயங்காலம் ஆலை வாசலில் வண்டி உயிர்விட்டது. வாட்ச்மேன் அண்ணன்கள் தள்ள, நாங்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினோம். மறுநாள் மெக்கானிக் எந்த ஒயரையோ பிடுங்கி வேறெங்கோ முறுக்கிவிட்டு விளக்கம் சொன்னார். "இனிமே பேட்டரி இறங்காது மேடம். ஆனா சாவி எடுத்தா பொட்டிக்கு எல்லாம் மறந்துபூடும். மறுபடி மொதப் பாட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கும்." அக்கா யோசிக்கவே இல்லை. "எனக்கு வண்டி கெளம்பினா போதும்பா" என்றார்.

அதன் பலனைப் பிறகுதான் அனுபவித்தோம். புதுவாயலில் டீ குடிக்க அக்கா வண்டியை நிறுத்துவார். கிளப்பினால் முதல் பாட்டு. அங்கிருந்து ஆலைக்குள் போய்ச் சேர மூன்று பாட்டு தூரம். மாலையில் கிளம்பினால் மறுபடியும் அதே முதல் பாட்டு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க வழியில் எஞ்சினை நிறுத்தினாலும் அதே. கலந்து பாடு என்று அமுக்கி வைத்தால் அதையும் மறந்துவிடும். அடுத்த பாட்டுக்குத் தாவும் பொத்தானை நாகமணி ஒரு கோபத்தில் அழுத்திய அழுத்தலில் அது உள்ளே போய் வெளியே வரவில்லை. நூற்றுக்கணக்கான பாட்டை வைத்துக்கொண்டு மூன்றே மூன்றைக் கேட்டுக்கொண்டு போன ஜென்மங்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அந்த மூன்றும் அக்காவின் ஏசு பாட்டுகள். பென்டிரைவில் எங்களுக்கும் இடம் கொடுத்திருந்தார். நாகமணிக்கு அம்மன் பாட்டு. எனக்கு, வீட்டில் நைனா கேட்டுக்கேட்டுப் பழக்கிவிட்ட பழைய தெலுங்குப் பாட்டு. ஆனால் எங்கள் முறை வருவதற்குள் ஆலை வந்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நாகமணி ஆடி மாதத்தில் வெடித்தாள்.

"தெனிக்கும் உங்க சாமிதான் முன்னாடி வராரு. எங்க ஆத்தா பின்சீட்லயே ஒக்காந்துக்குனு இருக்குது. வேணும்னுதான வெச்சிருக்கீங்க?"

"நான் இன்னா பண்ணுவேன் நாகு? அது அப்டித்தான் பாடுது."

"உங்க வண்டி, உங்க பொட்டி. நீங்களே பாடிக்குங்க" என்று ஆலை வாசலில் இறங்கியவள், அன்று மாலை காரில் ஏறவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. டவுன் பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு அவள் போவதைக் காரிலிருந்து பார்த்தோம். அக்கா அந்தப் பஸ்ஸை முந்தாமல் பின்னாலேயே ஓட்டினார். ஆலையில் நாங்கள் மூன்று பேரும் ஒரே டிபன் பாக்ஸைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அந்த வாரம் தனித்தனியாகச் சாப்பிட்டோம். இடையில் மாட்டிய எனக்குப் பெரிய பேஜாராகிவிட்டது. இது இப்படியே முறிந்துவிடும் என்று பயந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை டீ குடித்துவிட்டு ஏறினேன். அக்கா சாவியைத் திருகினார். உடுக்கைச் சத்தத்தோடு அம்மன் பாட்டு எழுந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, "பொட்டிக்கு மனசு மாறிச்சி போல" என்றார். உடனே நாகமணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் அருகே பிடித்தேன். அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் என் தெலுங்குப் பாட்டு. பிறகு ஏசு பாட்டு, மறுபடி அம்மன். வாராவாரம் மாறியது. வெயிலில் வெந்து பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றாள் நாகமணி. எனக்கும் மெஷின்களைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். அக்கா சிரிப்பதோடு சரி.

அவர் போனபிறகு, அவர் கணவர் ஞானராஜ் அண்ணன் எங்களைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "நிக்கிற வண்டி கெட்டுப்பூடும்மா. அவ இருந்தா இன்னா பண்ணுவாளோ அதே மாதிரி ரெண்டு பேரும் போய்க்கினு வாங்க" என்றார். நாகமணி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள், ஓட்டத்தான் வண்டி இல்லாமல் இருந்தது. புதுவாயலில் நிறுத்தி டீ குடித்துவிட்டுக் கிளப்பினோம். என் தெலுங்குப் பாட்டு. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு அப்படிச் சண்டை போட்ட நாகமணி ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க மீஞ்சூருக்குப் போனபோது, பேச்சு வாக்கில், "பொட்டி இப்பல்லாம் மாத்திப் பாட மாட்டேங்குதுண்ணா, ரிப்பேர் போல" என்றேன்.

"அது எங்கம்மா மாத்திச்சி?" என்றார். "பென்டிரைவ்ல எது மொதல்ல ஏத்துறமோ அதத்தான் மொதல்ல பாடும். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்து சாப்புட்டதும் கம்ப்யூட்டர்ல ஒக்காந்துக்குவா. எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஒண்ணொண்ணா மறுபடியும் ஏத்துவா. கண்ணு வலிக்குதுன்னு வேற சொல்லுவா. ஏன் இத அவங்களாண்ட சொல்லலன்னு கேட்டேன். 'நான் மாத்துறன்னு தெரிஞ்சா, என்னுது ஏன் ரெண்டாவதுன்னு எங்கிட்ட கேப்பாங்க. பொட்டி மாத்துதுன்னா யாரு மேலயும் யாருக்கும் கோவம் வராது'ன்னா." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைசி ஞாயித்துக்கெழமகூட ஏத்தினாம்மா. இந்த வாரம் வசந்தியோடதுன்னா."

நாகமணி எழுந்து வெளியே போய், காரின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாங்கள் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு மனுஷி தன் ஒரே ஓய்வு நாளில் கண் வலிக்க உட்கார்ந்திருக்கிறார், அதன் நல்ல பெயரையும் ஒரு ஓட்டைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பென்டிரைவ் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைவிட, அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அன்றே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். அவர் சொன்னது சரி, கண் வலிக்கத்தான் செய்கிறது.

மறுநாள் புதுவாயலில் டீக்கடைக்காரர் இரண்டு டீ கொடுத்தார். குடித்துவிட்டு ஏறினோம். நாகமணி சாவியைத் திருகினாள். அக்காவின் ஏசு பாட்டு, அதே முதல் பாட்டு, ஆரம்பித்தது. அவள் வண்டியை எடுக்கவில்லை. பாட்டு முடியும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு கியரைப் போட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொட்டிக்கு மனசு மாறிச்சி போல."

"ஆமா" என்றேன்.