கப்பலில் நான் கழுவிய தட்டுகள்

சென்ற புதன்கிழமை காலை, மாட்டுங்காவில் உள்ள என் வீட்டுச் சமையலறையில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நான். கேள்வி கேட்டவர் புஷ்பம். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். தாராவியில் நான் போகும் அதே தமிழ்ச் சபைக்குத்தான் அவரும் வருகிறார்.

வழக்கு இதுதான். அவருடைய மகள் பெனிட்டா பி.காம். முடித்தவள். புத்தகக் கடையைச் சுமந்துகொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகும் மிஷன் கப்பல் ஒன்றில் இரண்டு ஆண்டுத் தொண்டுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சபைக் கமிட்டி அனுப்பாது. ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். தகப்பன் இல்லாத பெண். கையெழுத்துப் போட வேண்டியவரோ, ஈரக்கையோடு என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யக்கா, அவளுக்கு அங்க என்ன வேலை போட்டிருக்காங்கன்னு தெரியுமா? பாத்திரம் கழுவுத வேலை! சம்பளமும் கெடையாது... ஃபோகட்ல! அதுக்கு எதுக்குக் கப்பலு? எங்கூட மாட்டுங்காவுக்கு வந்தாப் போதாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ கை இந்தத் தண்ணியில படக்கூடாதுன்னுதான் நாலு வீட்டு வேலை பாத்தேன். நீங்களும் அதே கப்பல்லதான இருந்தீய? மாசாமாசம் நீங்க எழுதுன ஜெபக் கடிதத்த பாஸ்டர் சபையில வாசிச்சாரு. அதுல பிரசங்கம் இருந்துச்சு, கடல் இருந்துச்சு... ஒரு தட்டு கூட இல்லியே?"

இல்லைதான்.

கப்பலுக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. சம்பளமில்லாத தொண்டரைத் தாங்குவது அவருடைய சபை. ஆகவே, சபைக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் போய் யார் எச்சில் தட்டைப் பற்றி எழுதுவார்கள்? ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியவை பொய்யல்ல. பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி, ஒரு புத்தகத்துக்காக மக்கள் விடியும் முன்பே துறைமுகத்தில் வரிசையில் நின்றதைக் கண்டேன். எழுதினேன்.

எழுதாதது வேறு. பதினோரு மாதங்கள், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், மூன்று வேளையும், நூற்றுக்கணக்கானோர் உண்ட தட்டுகளைக் கழுவினேன். கப்பல் ஆடும்போது அடுக்கு சரியாமலிருக்க, தட்டுகளுக்கு அடியில் ஈரத்துணி விரிக்கக் கற்றேன். என்னருகே நின்று கழுவியவர், தம் நாட்டில் பல் மருத்துவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஓய்வு. அன்று கழுவுவது அதிகாரிகளின் முறை. முதல் ஞாயிறு, தண்ணீர் குடிக்கப் போனவள் கதவருகே நின்றுவிட்டேன். அந்தப் பெரிய இரும்பு உலகத்தைச் சமுத்திரத்தின்மேல் நடத்திச் செல்கிற கேப்டன், சட்டைக்கையை மடித்துவிட்டு, கஞ்சி பிடித்த அண்டாவுக்குள் தோள்வரை இறங்கியிருந்தார். ஏதோ பாட்டை முனகிக்கொண்டே! யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. பெரிய பெரிய ஆலயங்களின் கூரைகளை அண்ணாந்து பார்த்து நின்றிருக்கிறேன். இப்படி ஒரு நிசப்தம் அங்கெல்லாம் எனக்குள் இறங்கியதில்லை.

இதை அப்படியே புஷ்பத்திடம் சொன்னேன்.

"கேப்டனா? கப்பலுக்கே பெரியவரா?"

"ஆமாம், புஷ்பம்."

"சுத்தமாக் கழுவுனாரா?"

"இல்லை. அடிப்பிடிச்சதை அப்படியே விட்டுடுவார். திங்கட்கிழமை நாங்க மறுபடி தேய்ப்போம்."

"எந்த ஊரு ஆம்பளையும் அப்படித்தான்!" புஷ்பம் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "சரி... பதினோரு மாசம் கழுவுனீய. திரும்பி வந்தப்புறம் இந்த சிங்க்ல நீங்க ஒரு டம்ளர் கழுவி நான் பாக்கலியே, யக்கா?"

தாழ்மையைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். என் கண் போனதோ, சிங்க்கில் கிடந்த என் காபி டம்ளருக்கு.

கடலில் பதினோரு மாதம் நான் செய்ததற்குப் பெயர் தொண்டு. கரையில் பதினெட்டு ஆண்டுகளாக இவர் செய்வதற்குப் பெயர் வேலை. பெயர் வைத்தது யார்? அதை நாம் கேட்டுக்கொள்வதேயில்லை. கேப்டனைக் கண்டு வியந்து நின்ற கண்கள், இந்தக் கைகளைப் பார்க்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

புஷ்பம் கையை முந்தானையில் துடைத்தார். பையிலிருந்த கமிட்டிப் படிவத்தை எடுத்து, பேனா கேட்டார். ஒவ்வோர் எழுத்தாக, தமிழில், நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.

"கப்பலுக்குப் பெரியவரும் கழுவுத எடம்னா போவட்டும். அங்க அவ தலை குனிய வேண்டாம்."

படிவத்தை மடித்துப் பையில் வைத்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அவ வரும்போது உங்கள மாதிரி ஆயிடாம இருக்கணும்னு ஜெபம் பண்ணிக்கிடுங்க, யக்கா."

ஆமென்.