பனியில் புல் வெட்டியவர்

அந்தத் தெருவில் அவரைப் 'புல்லு டிரைவர்' என்றால்தான் தெரியும். முப்பத்தாறு வருஷம் நகரப் பேருந்து ஓட்டினவர். வண்டியில் படிக்கட்டில் நிற்பவர்களைத் திட்டுவார், வீட்டில் புல்லில் நிற்பவர்களைத் திட்டுவார். மற்ற நேரமெல்லாம் மனுஷன் பரம சாது என்று அவர் மனைவி சொல்வாள்.

வீட்டு முன்னால் இருந்த புல்தரை பெரிதொன்றும் இல்லை. ரெண்டு பேருந்தைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் இடம் முடிந்துபோகும். அவளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் கிழிந்த விரிப்புகளையும் அங்கிகளையும் தைக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குப் பச்சையைப் பார்க்கவும் தெம்பிருக்காது. "புல்லு உங்க இலாகா, என்னை இழுக்காதீங்க" என்று அந்த வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

குளிர்காலம் வந்தால் அவர் புல் பக்கமே போகமாட்டார். அதுதான் பராமரிப்பு என்பார். அதற்கு முன்னாலேயே உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் வாரி எடுத்து, கடைசி வெட்டைக் கொஞ்சம் உயரமாக விட்டு, ரப்பர் குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துச் சுருட்டி ஷெட்டில் மாட்டிவிடுவார். "உறைஞ்ச புல்லு கண்ணாடி மாதிரி. மிதிச்சா உள்ளுக்குள்ள உடைஞ்சிரும்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். ஒரு வருஷம் பார்சல் கொண்டுவந்த ஆள் குறுக்கே நடந்துவிட்டான். ஏழு காலடித் தடங்கள் பழுப்பாக மாசக்கணக்கில் கிடந்தன. பக்கத்து வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டு, உடம்பில் பட்ட காயத்தைக் காட்டுகிற மாதிரி அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

ஓய்வுபெற்ற நாலாவது வருஷம் மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு வார்த்தைகளை, பிறகு தான் ஓட்டின பாதையையே. டாக்டர் மூளையை எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது குணமாகிற நோயில்ல. மாத்திரை கொடுத்தா கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான்" என்றார். மாத்திரை கொடுத்தும் அது மெதுவாகப் போகவில்லை.

இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி விழுந்த காலையில், அடுப்பங்கரையில் டீ வடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புல்வெட்டும் மெஷின் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று கிடந்த புல்லின் மேல், வீட்டுச் செருப்போடு, மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறார். சக்கரம் போன இடமெல்லாம் கரும்பச்சைக் கோடு.

"என்னங்க, பனி விழுந்திருக்குங்க" என்று ஓடினாள்.

"பனியாவது, ஒண்ணாவது. ரெண்டு வாரமா வெட்டல. தெருவே சிரிக்குது."

பத்து நாளில் அந்தக் கோடுகள் பழுப்பாகிவிட்டன. தபால்காரர்தான் யோசனை சொன்னார். "அக்கா, மெஷினை என் ஷெட்ல பூட்டி வச்சிடறேன். அண்ணன் கேட்டா ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க."

அண்ணன் கேட்டார். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை கேட்டார். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டு அவளையே உற்றுப் பார்த்து, "நீ வித்துட்ட. எனக்குத் தெரியும். நீ திருடி" என்றார். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள்.

அதற்கப்புறம்தான் அவள் புல்லைக் கவனிக்க ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவர் தலைக்குள் அழிந்துகொண்டிருப்பதை அவளால் பார்க்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. இது கண்ணெதிரே கிடந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் நடைபாதையில் நின்றபடியே நீளக் கம்பால் இலைகளை இழுத்து எடுத்தாள். பாதையில் விழுந்த பனியைப் புல் பக்கம் தள்ளாமல் தெருப் பக்கம் அள்ளிக் கொட்டினாள். இடுப்பு விட்டுப்போனது.

அவர் தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்து மெல்லக் கேட்பாள். "பாதை வழுக்குது. உப்புப் போடலாமாங்க?"

"உப்பா? அந்தத் தண்ணி ஓடிப்போய் வேரைக் கொன்னுடும். மணல் போடு." பழைய குரல், பழைய அதட்டல். அதே மூச்சில் அவர் திரும்பி, "நீங்க எந்த ஸ்டாப்புல இறங்கணும்மா?" என்பார்.

"கடைசி ஸ்டாப்புங்க" என்பாள் அவள்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு நாள், வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புல்தரை முழுக்க வழவழவென்று மின்னியது. ஷெட்டில் மாட்டியிருந்த குழாயைக் கண்டுபிடித்து, எந்நேரத்திலிருந்தோ தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். பாய்ந்த தண்ணீரெல்லாம் தகடு தகடாக உறைந்துவிட்டது. அதன் நட்டநடுவே, முழங்கால்வரை நனைந்து, கையில் குழாயோடு நிற்கிறார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. முன்னால் வரவும் பயம், பின்னால் போகவும் பயம்.

"அசையாதீங்க. நான் வரேன்."

"மிதிக்காத" என்றார் அவர், நடுங்கிக்கொண்டே. "புல்லு போயிடும்."

நாலாவது அடியில் அவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மளுக்கென்ற சத்தம் அவள் காதுக்கே கேட்டது. கீழே கிடந்தபடி தபால்காரரைக் கூப்பிட்டாள். அவர் தன் வீட்டுக் கால்மிதி விரிப்புகளையெல்லாம் கொண்டுவந்து பனிக்கட்டி மேல் வரிசையாகப் போட்டு, முதலில் அண்ணனை நடத்திக் கூட்டிப்போய்ப் போர்வை சுற்றி உட்காரவைத்துவிட்டு, அப்புறம் வந்து அக்காவைத் தூக்கினார்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டார்கள். எலும்பு ரெண்டு இடத்தில் விட்டிருந்தது. படுக்கையில் விரித்திருந்த துணியின் ஓரத்தைப் பார்த்தாள், தன் தையல்தான். "பழையபடி தைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எந்த ரகம் என்று அங்கே இருபது வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா.

மகள் வெளியூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாள். அஞ்சாம் நாள், அப்பா தூங்கினபிறகு பேச்சை எடுத்தாள்.

"அம்மா, ஒத்தைக் கையை வச்சிக்கிட்டு எப்படிம்மா சமாளிப்ப? அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துல பேசியிருக்கேன். அடுத்த மாசம் இடம் காலியாகுதாம்."

"காலியாகுதுன்னா?"

மகள் அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்து மூடி வைத்தாள்.

"அங்க புல்லு இருக்கா?"

"மூணாவது மாடிம்மா. ஜன்னல் இருக்கு. கார் நிறுத்துற இடம் தெரியும்."

அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு சரியென்று தலையை ஆட்டினாள்.

பனிக்கட்டி உருக மூணு வாரம் ஆனது. உருகின இடத்தில் அழுகின வைக்கோல் போல ஒரு வாடை. நடுவில் சாம்பல் நிறச் சேறு, ஓரங்களில் பாசி. அவர் வாசலில் நின்று பார்த்தார். "யாரு வீடு இது? இப்படிப் பாழாப் போட்டு வச்சிருக்காங்க."

"யாரு வீடோ. குளிருது, உள்ள வாங்க."

இல்லத்துக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் எதையோ துழாவி, போன வருஷம் மிஞ்சின புல்விதைப் பையை எடுத்துவந்தார். தரை மறுபடியும் உறைந்து கல்லாக இருந்தது. மண் சூடேறாமல் விதை முளைக்காது என்பது இப்போது அவளுக்கே தெரியும். தடுக்கலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு, நல்ல கையால் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவர் ஒவ்வொரு பிடியாக எடுத்து முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில் விசிறினார். ஒரு பிடிகூட ஒரே இடத்தில் குவியவில்லை. கைக்கு மட்டும் எல்லாம் ஞாபகமிருந்தது.

தபால்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "அக்கா, இப்பப் போட்டா வராதே."

"தெரியும்ப்பா."

புறாக்கள் முதலில் ரெண்டு வந்தன, அப்புறம் கூட்டமாக. அவர் விதைத்துக்கொண்டே முன்னால் போக, அவை பொறுக்கிக்கொண்டே பின்னால் வந்தன. அவள் விரட்டவில்லை. அவர் திரும்பிப் பார்க்காதபடி பக்கத்திலேயே பேச்சுக் கொடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் பத்து மணிக்கு மகளின் கார் வந்தது.

அவள் கை கூடியது, ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை. சலவைப் பிரிவில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். ஞாயிறுதோறும் ரெண்டு பேருந்து மாறி இல்லத்துக்குப் போனாள். அவர் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அங்கே சேர்ந்த இரண்டாவது மாசத்திலிருந்து அவளிடம் எந்த ஸ்டாப் என்றுகூடக் கேட்கவில்லை.

வெயில் வந்த பிறகும் முன்பக்கத்தில் பாசியைத் தவிர எதுவும் வரவில்லை. சரளைக்கல் போட்டுவிடலாம், வேலை மிச்சம் என்றாள் மகள். அவளும் சரி என்றாள். கல் கொண்டுவந்த ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மேல் மண்ணை அள்ளிடவாம்மா?" என்று கேட்டான்.

"அள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.