கரி பஸ் ஆட்டம்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். என் வீட்டுக்காரர் அதை வைத்தே ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார். காலண்டர் அட்டையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வரை கட்டங்கள் போட்டார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து ஆளுக்கொரு பஸ் செய்தார். உருட்டுவதற்கு, ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்த நாலு புளியங்கொட்டை. நாலும் கறுப்பாக விழுந்தால் பஸ் நின்றுவிடும். எதிராளி தன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். நிஜ பஸ் கூட அத்தனை தடவை நின்றதில்லை.

ஒரு ஞாயிறு முழுக்க ஆடியும் ஊர் வந்து சேரவில்லை. என் பஸ்ஸை நடுவழியில் விட்டுவிட்டு, இரண்டு விரலால் நடந்து கோபுரத்தில் போய் நின்றேன்.

"ஏட்டி, இது என்ன ஆட்டம்?"

"ஒங்க பஸ்ஸத் தள்ளித் தள்ளிக் கை வலிக்கு. அதான் நடந்தே வந்துட்டேன்."

மறுநாள் அட்டை மூலையில், அழகான கையெழுத்தில், புது விதி ஒன்று இருந்தது: "பெண்டாட்டி நடந்து போகக் கூடாது."