மேல்தும்பைக்குச் சேர வேண்டிய பாராட்டு

1. சைபர் போட்ட பட்டியல்

மேல்தும்பை ஓராசிரியர் பள்ளியிலிருந்து வந்த மாத வருகைப் பட்டியலில் பதினொரு நாட்களுக்குச் சைபர் போட்டிருந்தது. பதிவில் இருந்தவர்கள் இருபத்தாறு பிள்ளைகள். மாதத் தொடக்கத்தில் ஒழுங்காக வந்தவர்கள், ஒரு புதன்கிழமையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஆசிரியர் தனகோட்டி 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கட்டத்தில் அம்மை என்று வரும், சாமை அறுப்பு என்று வரும், ஊர்த் திருவிழா, கரடி நடமாட்டம் என்றெல்லாம் வரும். 'தெரியவில்லை' என்பதை என் சர்வீசில் அன்றுதான் பார்த்தேன். அதுவே என்னை உறுத்தியது. ஊரில் தங்கிப் பாடம் நடத்தும் மனிதருக்கு இருபத்தாறு பிள்ளைகள் ஒரே நாளில் நின்றுபோன காரணம் எப்படித் தெரியாமல் போகும்?

எழுபதுகளின் பிற்பகுதி அது. ஜவ்வாது மலையில் ஒரு பகுதியும் அடிவாரத்து ஊர்களும் சேர்ந்த ஒரு சரகத்துக்கு நான் பள்ளித் துணை ஆய்வாளர். ஆசிரியர்கள் வாயில் டி.ஐ. பொறுப்பேற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பட்டியலின் நகல் மாவட்ட அலுவலகத்துக்கும் போயிருந்ததால், மறுநாளே மேலதிகாரி போன் செய்தார்.

"பசங்க வராத ஸ்கூலுக்கு இன்னாத்துக்குய்யா வாத்தியார்? கீழ மூணு ஸ்கூல்ல ஆள் இல்லாம கிடக்குது. அந்த ஆளக் கீழ போட்டுட்டு ஸ்கூல மூடிடுங்க."

"ஒரு தடவ நேர்ல பார்த்துட்டு எழுதுறேன் சார்."

"பார்க்க இன்னா இருக்குது? சரி. திங்கக்கிழம ரிப்போர்ட் என் டேபிள்ல இருக்கணும்."

மலையில் ஒரு பள்ளியை மூடுவது சுலபம். மறுபடி திறக்க வைக்க எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

2. சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி

மலையேறுவதற்கு முன் சுற்றறிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆசிரியர் கூட்டம் நடக்கும். அதில் ஒரு முறை, மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து, "சார், ஆபீஸ்ல இருந்து வர்ற தபால்ல எல்லாம் 'விளக்கம் தருக', 'தவறினால்'னுதான் இருக்குது. தபால்காரரப் பார்த்தாலே ஒளிஞ்சுக்கலாம்போல இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சுத் துணைக்கு இன்னொரு ஆசிரியர்கூட இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு நான் அனுப்பியது அவ்வளவுதான்.

அடுத்த மாதத்திலிருந்து சுற்றறிக்கையின் கடைசியில் ஊர்ச் செய்தியும் பாராட்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன். எந்த ஊரில் பள்ளிக்கு வேலி கட்டினார்கள், எந்த ஆசிரியர் எட்டு மைல் நடந்து போய்ச் மதிய உணவுக்கு மாவு கொண்டுவந்தார், எந்தப் பெண் முதன்முதலாக எட்டாவது முடித்தாள், எந்தப் பள்ளித் தோட்டத்தில் பூசணி காய்த்தது, இப்படி. ஆசிரியர்களே கார்டு போட்டுச் செய்தி அனுப்பினார்கள். நான் எழுதித் தர, எழுத்தர் ரகுபதி ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுப்பார்.

"சார், சர்க்குலர்ல பூசணிக்காயப் போடலாமா? ஆடிட்ல கேப்பாங்க" என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார். சொல்லிக்கொண்டே வெட்டுவார்.

ஆசிரியர்கள் மட்டும்தான் அதைப் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. கீழ்தும்பையும் மேல்தும்பையும்

காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தால் கீழ்தும்பை. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் செங்குத்தாக ஒரு மணி நேரம் ஏறினால் மேல்தும்பை. கீழ்தும்பைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். மேல்தும்பைக்குப் போனதில்லை. ஒவ்வொரு முறையும் கீழ்தும்பையோடு பொழுது சாய்ந்துவிடும், திரும்பிவிடுவேன்.

அன்று கீழ்தும்பைப் பள்ளியைத் தாண்டும்போது கூரைமேல் நான்கு பேர் உட்கார்ந்து மஞ்சம்புல் வேய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் குழப்பமாக இருந்தது. கீழ்தும்பை ஊரார் கூடிப் பள்ளிக்குப் புதுக் கூரை வேய்ந்தார்கள் என்று பாராட்டி, சென்ற மாதச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருந்தேன்.

கூரைமேல் இருந்தவர்களில் மாரி எனக்குப் பழக்கமானவர். அவர் சொன்னால் ஊரில் நாலு பேர் கேட்பார்கள்.

"இன்னா மாரி, போன மாசமே வேல முடிஞ்சதுன்னு சேதி வந்ததே?"

மாரி கையிலிருந்த நாரைப் பார்த்தபடி, "ஆமாங்க சாமி. கொஞ்சம் பாக்கி கிடந்தது" என்றார். மற்ற மூவரும் என்னைப் பார்க்கவே இல்லை. கூரையில் பாதி வெறும் மூங்கிலாக இருந்தது. இதுவா கொஞ்சம் பாக்கி என்று யோசித்தபடியே மேலே ஏறினேன்.

மேல்தும்பைப் பள்ளி மண்சுவர் வைத்த ஒற்றை அறை. அதன்மேல் அடர்த்தியாக, ஒழுங்காக, புத்தம்புதுக் கூரை. உள்ளே கரும்பலகையில் தேதி எழுதியிருந்தது. பதிவு: 26. வருகை: 0. தனகோட்டி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணமங்கலத்துப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இன்னா தனகோட்டி, யாரோடயாவது தகராறா?"

"இல்லீங்க சார். எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. வேளைக்குக் களியும் கீரையும் கொடுத்து அனுப்புறாங்க. புள்ளைங்களத்தான் அனுப்ப மாட்டேன்றாங்க."

ஊருக்குள் போனோம். பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கும்பிட்டார்கள். முதல் வீட்டில் ஆடு மேய்க்க ஆள் இல்லை என்றார்கள். இரண்டாம் வீட்டில் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல்காரன் என் பக்கத்தில் நின்று பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் வீட்டில் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த ஒரு பெண் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். பெயர் வெள்ளச்சி. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள்.

"அந்தக் காயிதம் எழுதுறவரு நீங்கதானுங்களா?"

"எந்தக் காயிதம்மா?"

"மாசாமாசம் வர்றது. வாத்தியாரு ஊரக் கூட்டி வச்சுப் படிப்பாரே."

தனகோட்டியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியை அவர் மாதம்தோறும் ஊருக்கே வாசித்துக் காட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எழுதுறது நான்தாம்மா."

"கீழ்தும்பைக்காரங்க பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டாங்கன்னு எழுதினீங்களே, நீங்க பாத்தீங்களா? புல்லு அறுத்தது நாங்க. மூங்கிலு சொமந்தது நாங்க." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். புல் கிழித்த கோடுகள் காய்ந்து கறுத்திருந்தன.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தனகோட்டி போட்ட கார்டில் 'தும்பையில் ஊரார் கூடிப் பள்ளிக்குப் புதுக் கூரை வேய்ந்தனர்' என்று மட்டும் இருந்தது. அனுப்பியவர் எந்தப் பள்ளி என்று பதிவேட்டில் பார்க்காமல், எனக்குத் தெரிந்த தும்பை கீழ்தும்பை என்பதால், 'கீழ்' என்பதை என் பேனாவாலேயே சேர்த்தேன்.

"தப்புதாம்மா. எழுதும்போது பெயர் மாறிப்போச்சு. அதுக்காகப் பிள்ளைங்க படிப்ப நிறுத்தலாமா?"

"கோவத்துல நிறுத்தலீங்க" என்றாள் வெள்ளச்சி. "சர்க்காரு காயிதத்துல கூரை கீழ்தும்பையோடதுன்னு வந்துட்ச்சு. நாளைக்கு அவங்க வந்து எங்க கூரைன்னா, நாங்க எத்தக் காட்டுவோம்? எங்க மாமனாரு வச்ச புளியமரம் இப்படித்தான் போச்சு. காயிதத்துல வேற ஆளு பேரு இருந்தது. மரத்தடியில நின்னு அவரு அழுதாரு, யாரும் கேக்கல. அடுத்தவங்க கூரைக்கு அடியில எங்க புள்ளைங்க எப்படி உக்காரும்?"

நான்கு வரிப் பாராட்டு என்று நான் நினைத்தது, அவளுக்கு ஓர் ஆவணம்.

பையிலிருந்து தாள் எடுத்துத் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, "சீலு இல்லீங்களே" என்றாள். சீல் அலுவலகத்தில் இருந்தது. "சீலு போட்டு வரட்டும். மறுநாளே புள்ளைங்க வரும். எழுதும்போது ஊரு பேரு மட்டும் போடாதீங்க, வேல செஞ்சவங்க பேரையும் போடுங்க."

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பெயராகச் சொன்னார்கள். யார் புல் அறுத்தது, எந்தச் சரிவில் அறுத்தது, யார் மூங்கில் வெட்டியது, மண் குழைக்கத் தண்ணீர் சுமந்தது யார் என்று நானும் விடாமல் கேட்டு எழுதினேன். இரண்டு தாள் நிறைந்தது.

திரும்பும்போது தனகோட்டியிடம் கேட்டேன்: "ஊர்ல இன்னா நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அன்னிக்குப் படிச்சு முடிச்சதும் எல்லாரும் பேசாம எழுந்து போய்ட்டாங்க சார். அப்பவே புரிஞ்சுது."

"பின்ன ஏன் 'தெரியவில்லை'ன்னு எழுதினீங்க?"

"காரணம் டி.ஐ. பண்ண தப்புன்னு, டி.ஐ.க்கே போற பட்டியல்ல எப்படி சார் எழுதுறது?"

கீழ்தும்பையில் மாரி கூரையிலிருந்து இறங்கி எனக்காகக் காத்திருந்தார். நான் மேலே போய் வந்ததைப் பார்த்ததும் விஷயம் வெளியாகிவிட்டது என்று புரிந்திருக்கும்.

"எங்க வாத்தியாரு லீவுல கீறாருங்க. சந்தையில மேல்தும்பைக்காரங்க எங்கள மொறச்சாங்க. இன்னான்னு கேட்டப்பதான் நீங்க எழுதினது தெரிஞ்சுது. எங்க கூரையில ஆகாசம் தெரியுது சாமி. காயிதத்தப் படிச்சுட்டு வெளியூர் ஆளு யாராவது பாக்க வந்தா இன்னா ஆவறது? அதான் ஊரே சேர்ந்து போட்டுடலாம்னு இறங்கினோம்."

"தப்பா வந்திருக்குதுன்னு ஒரு கார்டு போட்டிருக்கலாமே, மாரி."

"சர்க்காரு எழுதினதத் தப்புன்னு நாங்க எப்படிங்க சொல்றது? எழுதினபடி செஞ்சுட்டா சரியாப்பூடும்னு நெனச்சோம்." சற்றுத் தயங்கி, "இப்ப எங்க பேர எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

4. யாருடைய பிழை

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்த மாதச் சுற்றறிக்கையில் ஊர்ச் செய்தியைக் கடைசிப் பத்திக்கு விடாமல் முதல் பத்தியிலேயே தொடங்கினேன். மேல்தும்பை ஊரார் கூரை வேய்ந்ததைப் பெயர்களோடு எழுதினேன். பிறகு, 'சென்ற சுற்றறிக்கையில் ஊரின் பெயரை மாற்றி எழுதியது என் பிழை. மேல்தும்பைக்கு நான் அதுவரை போனதில்லை' என்று எழுதினேன். அதன் கீழே, கீழ்தும்பை ஊராரும் தங்கள் பள்ளிக்குக் கூரை வேய்ந்து வருகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்றும் சேர்த்தேன்.

ரகுபதி படித்துவிட்டு ஸ்டென்சிலைத் தொடாமல் நின்றார்.

"சார், அதிகாரி 'என் பிழை'ன்னு போட்ட சர்க்குலர நான் பார்த்ததில்ல. 'தட்டச்சுப் பிழை'ன்னு போட்டுடலாம் சார். என் மேல போனாப் பரவால்ல."

ஒரு நிமிடம் சபலம் தட்டியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அறுபது ஆசிரியர்கள் படிக்கப்போகிற தாள் அது. மேலதிகாரிக்கும் போகும். ஆனால் தனகோட்டி எழுதிய 'தெரியவில்லை' மனதில் நின்றது. நான் என் பிழையை எழுதவில்லை என்றால் அடுத்த முறையும் எவரும் எனக்கு உண்மையான காரணத்தை எழுதப்போவதில்லை.

"அப்படியே வெட்டுங்க ரகுபதி" என்றேன்.

மேல்தும்பைப் பிரதியில் அவரே வட்டச் சீலை அழுத்திக் குத்தினார். ஒரு முறை சரியாக விழவில்லை என்று இன்னொரு முறையும் குத்தினார்.

திங்கட்கிழமை மேலதிகாரி என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "இதுக்கா பள்ளிக்கூடத்த நிறுத்தினாங்க?" என்றார். புளியமரத்தைப் பற்றிச் சொன்னேன். ரிப்போர்ட்டை மறுபடி ஒரு முறை புரட்டிவிட்டு, "சரி, அந்த வாத்தியார் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

சீல் போட்ட தாள் தபாலில் போய்ச் சேர்ந்த மறுநாள் இருபத்தாறு பிள்ளைகளும் வந்தார்கள். வெள்ளச்சி அந்தத் தாளைப் பள்ளியில் வைக்கச் சம்மதிக்கவில்லை என்றும், ஊர்க் கோயிலில் வைத்திருக்கிறார்கள் என்றும் தனகோட்டி எழுதியிருந்தார். கீழ்தும்பைக் கூரையும் மழைக்கு முன் முடிந்தது.

அந்த வருடம் நான் ஒரு பட்டியல் போட்டேன். என் சரகத்தில் நான் கால் வைக்காத பள்ளிகள் ஒன்பது இருந்தன. ஒன்பதுக்கும் போனேன். பாராட்டுப் பத்தியை நிறுத்தவில்லை. போய்ப் பார்க்காத ஊரைப் பற்றி அதில் எழுதுவதை நிறுத்தினேன்.

இப்போது அதிகாரியாக இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். குறை சொல்லி நீங்கள் அனுப்பும் மெமோவில் பிழை இருந்தால் மறு தபாலிலேயே விளக்கம் வந்துவிடும். பாராட்டில் பிழை இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள். பெற்றவர் கூச்சப்படுவார், இழந்தவர் கதவைச் சாத்திக்கொள்வார், உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் ஓர் ஊரைப் பாராட்டி எழுதுவதற்கு முன் அந்த ஊருக்கு ஒரு முறை போய் வாருங்கள். பஸ் இல்லாவிட்டால் நடந்து போங்கள்.