பாதி நிரப்பிய பொட்டலம்

செம்பனைப் பழத்தை அவிக்கிற கலத்தை எங்கள் மில்லில் ரெபூசான் என்பார்கள். படுத்துக் கிடக்கும் பெரிய இரும்புப் பீப்பாய். தண்டவாளத்தில் கூண்டு வண்டிகள் குலைகளைச் சுமந்துகொண்டு உள்ளே போகும். கதவை இறுக்கிப் பூட்டி ஆவியை விடுவோம். அழுத்தம் காட்டும் முள் ஏறி உச்சியில் நின்றதும் ஒரேயடியாகத் திறந்து ஆவியை வெளியே தள்ளுவோம். மறுபடி ஏற்றுவோம், மறுபடி திறப்போம். மூன்றாம் தடவை ஏற்றிவிட்டு அப்படியே வேக விடுவோம். அப்படித் திடீர் திடீரென்று திறந்தால்தான் பழம் குலையை விட்டுக் கழன்று வரும். அந்த வால்வைத் திருகுகிற வேலை எனக்கு. திறக்கும்போது எழும் சத்தம் கோலசிலாங்கூர் ரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். தொழிலாளர் லயத்து நாய்களுக்கு அது பழகிவிட்டது. புதிதாக வாங்கி வந்த கோழிகள்தான் ஓடும்.

எண்பதுகளில் அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டிருந்தார்கள். ரப்பர்ப் பால் வாடையோடு பிறந்து வளர்ந்த எனக்குச் செம்பனை வாடை பிடிபட நாளாயிற்று. சட்டையில் ஏறினால் போகாது. என் மனைவி அதைத் தனியாகத்தான் ஊற வைப்பாள்.

அந்தக் கலத்துக்குள் நாங்கள் தீனியும் அவித்துக்கொள்வோம். வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பிஸ்கட் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, மரவள்ளிக்கிழங்கை வைத்து, குலைகளுக்கு மேலே செருகி அனுப்பினால் பழம் வெந்து வரும்போது கிழங்கும் வெந்து வரும். ஒருத்தன் முட்டை வைத்து, அது வெடித்து, டின் முழுக்கப் பூசிக்கொண்டது. இன்னொருத்தன் பிளாஸ்டிக் பையில் சோற்றைக் கட்டி வைத்தான். பை சுருங்கிச் சோற்றோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு கிழங்கு மட்டும்தான்.

ஈஜோக் பக்கத்திலிருந்து ஒருத்தன் வேலைக்கு வந்து சேர்ந்ததும் அது மாறியது. அவனை நாங்கள் ஈஜோக்காரன் என்றே கூப்பிட்டோம். என் கூடவே கூண்டு தள்ளுகிற வேலை. மெலிந்த ஆள். வேலைக்கு வரும்போதும் தலைமுடியை வழித்துச் சீவி வருவான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெய் மில்லுக்கு எதற்குச் சீப்பு?

வந்த சில நாளில் வாழை இலைப் பொட்டலம் கொண்டுவந்து டின்னில் வைத்தான். பூலுட் என்கிற ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும். கதவைத் திறந்து கூண்டை இழுத்தபோது பச்சை இலை பழுப்பேறியிருந்தது, ஆனால் ஓர் இடத்திலும் கிழியவில்லை. பிரித்தான். இலை வாசம் ஏறிய பூலுட் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னடா பொட்டலம் இது, சவலப் பிள்ள வயிறு மாதிரி," என்றேன். டின்னில் வைக்கும்போதே பார்த்திருந்தேன், மெலிசாக, உள்ளே காற்று அசைகிற மாதிரி இருந்தது அது.

"எங்க வீட்ல அப்படித்தாண்ணே மடிப்பாங்க," என்று சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து மில் துரை வந்தார். சீனர், நல்ல மனுஷன்தான். அவருக்கும் ஒரு துண்டு நீட்டினான். தின்றுவிட்டு, "செடாப் லா!" என்று மலாயில் ருசியை மெச்சினார். பத்து வருடத்துக்கு மேல் அந்த வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன், என்னைப் பார்த்து அவர் ஒரு நாளும் செடாப் என்று சொன்னதில்லை. வால்வில் ருசி ஏது என்று நீங்கள் கேட்கலாம். வயிறு எரியும்போது அதெல்லாம் தோன்றாது.

இது வெறும் வயிற்றெரிச்சலாக இருந்திருந்தால் ஆறியிருக்கும். மில் கேண்டீனை நடத்திய தஞ்சோங் காராங் ஊர் மலாய் அம்மா, மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். கேண்டீன் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. பூலுட் மடித்துக் கொடுக்கும் ஈஜோக்காரன் மனைவிக்குத்தான் என்று சிலர் சொன்னார்கள். என் மனைவி அப்போது எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலையில் இருந்தாள். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு விஷம் தெளிப்பது. கால் நகங்கள் கறுத்து ஒன்றொன்றாக விழுந்தன. சாப்பிடும்போது மூக்கிலிருந்து ரத்தம் சோற்றில் சொட்டும், அவள் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பாள். வேலை வாங்கும் மண்டோரிடம் வேறு வேலை கேட்டோம், இல்லை என்றான். கேண்டீன் கிடைத்தால் அவள் அந்தத் தொட்டியை இறக்கி வைக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே அந்தச் சீவின தலை நின்றது.

துரை யாரையும் போட்டிக்குக் கூப்பிடவில்லை. நானாகத்தான், அவன் துரையின் வாயில் வைத்ததை நாமும் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"ஏங்க, நமக்கு எதுக்கு பூலுட்டு? நான் மீன் சம்பல் நல்லா செய்வேனே," என்றாள் மனைவி.

"பூலுட்டுதான். அவன் குடுத்தத விட பெருசா."

அவள் கை தாராளம். எங்கள் வீட்டில் இலையில் குறைவாகப் போட்டு யாருக்கும் கொடுத்ததில்லை. மெலிந்த பொட்டலத்தை நீட்டினால் வீட்டில் பஞ்சம் என்று லயம் முழுக்கப் பேசும். அவள் அரிசியை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். நான் ராபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். குழந்தையின் தொடை மாதிரி கொழுகொழுவென்று இருந்தது. பார்க்கவே பெருமை.

கதவைத் திறந்தால் எல்லாம் வெடித்துக் கிடந்தது. இலை நரம்போடு நரம்பாகக் கோடு கோடாகக் கிழிந்து, செம்பனை எண்ணெய் இறங்கி, பூலுட் மஞ்சள் கூழாக டின்னில் ஒட்டியிருந்தது. ராபியா கயிறு சுருண்டு கட்டியாகிவிட்டது.

"அண்ணே, குலை திங்க வச்சீங்களா, நாம திங்க வச்சீங்களா?" என்றான் பாய்லர்க்காரப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். ஈஜோக்காரன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஓர் அறை விட்டிருப்பேன்.

இலைதான் சரியில்லை என்று நினைத்தேன். லயத்துக்குப் பின்னால் விதை வாழை நின்றது, அதன் இலை முரடு. அதை வெட்டி இரண்டு சுற்று சுற்றினோம். வெடித்தது. ராபியாவை விட்டுவிட்டு வாழை நாரில் இன்னும் இறுக்கிக் கட்டினோம். இன்னும் மோசமாக வெடித்தது. கட்டுகிறவனும் நான், அழுத்தத்தை ஒரேயடியாக இறக்குகிறவனும் நான். மெதுவாகத் திறந்து பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் பழம் குலையிலேயே தங்கிவிட்டால் கணக்கு எழுதும் கிராணி கத்துவார். பழத்துக்கு ஏற்ற மாதிரி திறந்தால் இலைக்கு ஆகவில்லை. அதே கலம், அதே வால்வு, அதே என் கை, அவன் பொட்டலம் மட்டும் முழுசாக வந்தது. மந்திரம் கிந்திரம் வைத்திருக்கிறானா என்றுகூட யோசித்தேன்.

அவனிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்கவே மாட்டேன் என்று மனைவியிடமும் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் காணோம். சாயங்காலம் வந்தாள், கையில் வாட்டிய இலை கொஞ்சம்.

"எங்க போன?"

"அவுங்க வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"தெரிஞ்சிக்கிட்டே கேக்குறீங்களே. ஈஜோக்காரரு சம்சாரம், அந்தத் தங்கச்சி வீட்டுக்குத்தான். தண்ணி குடுத்திச்சு, முறுக்கு குடுத்திச்சு, சொல்லியும் குடுத்திச்சு."

"என்னா சொல்லிக் குடுத்தா, பெரிய மகாராணி?"

"பாதிதான் போடணுமாம். அரிசி பெருக்கும்ல? ஆவி உள்ள போயிட்டு வெளிய வரவும் எடம் வேணுமாம். இலைய நெருப்புல வாட்டணும். ஒரு இலைக்கு மேல இன்னொன்ன குறுக்கால வைக்கணும், அப்பதான் நரம்புக்கு நரம்பு புடிச்சுக்கும். கட்டு லூசா இருக்கணும். ஈஜோக்குல பக்கத்து வீட்டு மலாய்க்காரவங்க அரிசி போட்டு அவிக்க ஓலையில கெத்துப்பாட் கூடு பின்னுறதப் பாத்து கத்துக்கிச்சாம்."

"பாதி போட்டா பிச்சக்காரன் பொட்டலம்னு சொல்லுவானுங்க."

"நாம ரொப்பி ரொப்பிக் கட்டினத யாரு தின்னா? சொல்லுங்க. டின்னு தின்னுச்சு."

அவள் இலையைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தாள். மறுநாள் பாதி நிரப்பிய பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். வெட்கத்தோடுதான் டின்னில் வைத்தேன். வால்வைத் திறக்கும்போது, வெடிக்கட்டுமே என்றும் இருந்தது, வெடிக்கக் கூடாதே என்றும் இருந்தது. முழுசாக வந்தது. ஈஜோக்காரன் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருச்சேண்ணே!" என்றான். அவன் சந்தோஷப்பட்டது நிஜம் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு அது இன்னும் எரிந்தது.

கேண்டீன் அவன் மனைவிக்குத்தான் கிடைத்தது. எங்கள் பொட்டலம் முழுசாக வருவதற்கு முன்பே துரை முடிவு செய்திருந்தார் போல. செய்தி வந்த அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். வாசலில் அவள் மருந்துத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கேண்டீனு அவுங்களுக்குப் போயிருச்சு," என்றேன்.

"தெரியும். அந்தத் தங்கச்சி வந்து சொல்லிட்டுப் போச்சு. தனியா முடியாதாம், கூட வந்து செய்யுங்கக்கான்னு கூப்பிட்டுச்சு. திங்கக்கெழமையிலேர்ந்து போறேன். தொட்டிய ஸ்டோருல திருப்பிக் குடுத்திருங்க."

நான்தான் தொட்டியைத் தூக்கிப் போய் ஸ்டோரில் கொடுத்தேன். காலித் தொட்டிதான். அதுவே தோளை இழுத்தது.

நகம் திரும்ப முளைத்தது. மூக்கில் ரத்தம் நின்றது. கேண்டீனில் மீன் சம்பல் அவள் கைப்பக்குவம், பூலுட் அந்தப் பெண்ணுடையது, இரண்டையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டி மூன்று ஷிப்டுக்கும் கொடுத்தார்கள். எங்கள் ஷிப்டில் ரெபூசானில் அதைச் சூடாக்கிக் கொடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. அவன் வீட்டு முறையில் மடித்த பொட்டலங்களை நானே டின்னில் அடுக்கி, நானே ஆவியைத் திறந்து, நானே எடுத்துக் கொடுப்பேன். தின்கிறவர்கள் ஈஜோக்கார வீட்டுப் பொட்டலம் என்பார்கள். சம்பல் யாருடையது என்று ஒருவனும் கேட்கமாட்டான். நான் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

வீட்டில் மனைவி, "அந்தத் தம்பி எவ்வளவு நல்லவரு," என்று ஆரம்பித்தால் நான் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவேன். அவன் செய்தது நல்லதுதான். என் மனைவிக்கு நான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியதை அவன் வீட்டார் சும்மா கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு எதையும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.