நேராகப் போகும் விமானம்: நெய்வேலியில் தேடுதல் பணிக்குப் போன ஒரு நாள்

விமானத் தன்னார்வக் குழுவில் சேர்வது எப்படி, அங்கே என்ன வேலை இருக்கும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என்னோடு படித்தவர்கள்கூடக் கேட்டார்கள். கார்த்திகை மழையின்போது நான் போய்வந்த ஒரு நாளை எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். நேரில் கேட்டிருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன்.

நான் மேல்பட்டாம்பாக்கம். பத்தாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டேன். இந்தக் குழுவில் சேர மார்க் ஷீட் கேட்பதில்லை. பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும், வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பெரியவர்களும் எங்களைப் போன்றவர்களும் கலந்திருப்போம். வெள்ளம், புயல் என்றால், அதிகாரிகள் கேட்டுக்கொண்டால், பெரியவர்கள் சிறிய விமானத்தில் போய்த் தேடிக் கொடுப்பார்கள். நாங்கள் தரையில் நின்று வாக்கி டாக்கியில் செய்தி வாங்கிப் படகுக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

வழி இதுதான். காலை ஐந்தரைக்கு டவுன் பஸ்ஸில் பண்ருட்டி. பெண்களுக்கு டிக்கெட் இல்லை, இலவசம். அங்கிருந்து நெய்வேலி ஆர்ச் கேட் வரை இருபத்தைந்து ரூபாய், முக்கால் மணி நேரம். ஆர்ச் கேட்டிலிருந்து ஓடுதளத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். மழை நாளில் நூற்றைம்பது கேட்பார்கள். என்னால் பேரம் பேச முடியாது, கொடுத்துவிட்டேன்.

"எந்த பிளாக்மா?" என்றார் ஆட்டோக்காரர். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் எண்தான் முகவரி, எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"பிளாக் இல்லிங்க. பிளைட் எறங்குற எடம்."

"அங்க மாடுதான் எறங்கும். நீ எந்த ஊருக்கு டிக்கெட் போட்டுருக்க?" என்று சிரித்தார். கம்மாபுரம் பக்கம் காணாமல் போனவரைத் தேட வந்திருப்பதாகச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அந்த கான்ட்ராக்ட் ஆளா? ரெண்டு நாளாச்சேம்மா" என்றார்.

காணாமல் போனவர் பெயர் முருகையன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும்போது தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மொபெட் கிடைத்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. அவர் உயிரோடு எங்காவது மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று தேடினோம்.

எங்கள் தரைக் குழுவுக்குத் தலைவர் தாமஸ் சார், மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓடுதளத்திலிருந்து ஜீப்பில் பதினைந்து கிலோமீட்டர் போய் ஏரிக்கரையில் இறங்கினோம். கரைக்கு அந்தப் பக்கம் நெல் வயல் எல்லாம் தண்ணீர். கரையில் முருகையனின் மனைவி செல்வி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நீ அவங்க கூடவே இரு. உன்னை ஏன் போடுறேன் தெரியுமா? நீதான் பேச மாட்டே. ரேடியோவுல எது வந்தாலும் அவங்க காதுல விழக் கூடாது" என்றார் தாமஸ் சார். எனக்கு அது பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விமானம் பத்து மணிக்கு வந்தது. வயல் மேல் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும், சற்றுத் தள்ளி மறுபடி வரும். அது திரும்பும் ஒவ்வொரு முறையும் அக்கா என் கையைத் தொட்டார்.

"இப்ப என்னா சொல்றாங்க பாப்பா?"

"ஒண்ணும் சொல்லலைக்கா."

"காதுல மாட்டிக்கினு ஒண்ணும் சொல்லலன்னா எப்படி? எங்கிட்ட மறைக்காத."

எத்தனை தடவைதான் தலையை ஆட்டுவது? அவரை ஆறுதல்படுத்த நினைத்து, பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "நேரா போனா தேடிக்கினு இருக்காங்கன்னு அர்த்தங்க்கா. எதையாவது பாத்துட்டா அந்த எடத்துல வட்டம் அடிப்பாங்க."

"ஏர் ஓட்டுற மாதிரி போவுதேன்னு பாத்தேன்" என்றார். பிறகு என்னைக் கேட்கவே இல்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில், கருவேலம் புதர்களுக்கு மேல் விமானம் சாய்ந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ரேடியோவில் செய்தி வருவதற்கு முன்பே அக்கா எழுந்துவிட்டார்.

"வட்டம்" என்றார். என் தோளை அவர் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

படகு போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் உட்காரவில்லை, அழவும் இல்லை. படகிலிருந்து செய்தி வந்ததும், தாமஸ் சாரே ஓடி வந்து சொன்னார்: "கன்னுக்குட்டிம்மா. செத்த கன்னுக்குட்டி. உங்க வூட்டுக்காரர் இல்ல."

அக்கா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "யாரு வூட்டு கன்னோ, பாவம். அதுக்கும் ஒருத்தி தேடிக்கினு இருப்பா" என்றார். விமானம் மறுபடி நேராகப் போனது. ஒவ்வொரு முறை அது நேராகப் போகும்போதும் அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. ரேடியோவில், "மழை வருது, இன்னிக்கு முடிச்சுக்கறோம், திரும்பறோம்" என்றார்கள். விமானம் எங்கள் தலைக்கு மேலாக, டவுன்ஷிப் பக்கம் தெரிந்த புகைபோக்கிகளைப் பார்த்து, நூல் பிடித்த மாதிரி போனது.

அக்காவின் போன் அடித்தது. மகள். "அழாதடி. இப்பக்கூட நேராத்தான் போவுது. அப்பாவ இன்னும் தேடிக்கினுதான் இருக்காங்க. நீ சாப்புடு."

தாமஸ் சார் படகுத் துறையில் இருந்தார். அவர் வந்து சொல்லட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் நேராகப் போவதற்கு அர்த்தம் சொன்னவள் நான்.

"அக்கா" என்றேன். ஹெட்போனைக் கழற்றினேன். மறுபடி, "அக்கா, அது தேடலை. திரும்பிப் போவுது."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போய்க்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேராத்தானே போவுது?" என்றார்.

"ஆமாங்க்கா. போவும்போதும் நேராத்தான் போவும்."

போனில் அந்தப் பெண் "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவது எனக்கும் கேட்டது. அக்கா, "வெளக்கு போட்டுட்டு உள்ள இரு. வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மறுநாள் முழுக்க மழை, விமானம் எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாள் தண்ணீர் வடிந்தபோது, வயல் பார்க்கப் போன ஒருவர் முருகையனைப் பார்த்தார். தரைப்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, கோரைக்கு அடியில். விமானம் அந்த இடத்துக்கு மேலே எத்தனையோ முறை நேராகப் போயிருந்தது.

சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். விமானத்தில் ஏற்றுவார்களா என்று கேட்காதீர்கள், பதினெட்டு முடியாமல் ஏற்ற மாட்டார்கள். நானும் இன்னும் ஏறியதில்லை. மாற்றுத் துணியும் ரப்பர் செருப்பும் எடுத்துப் போங்கள், ஷூ சேற்றோடு போய்விடும். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், கரையில் கடை கிடையாது. கூடவே இன்னொரு ஆளுக்கும் கட்டுங்கள். காணாமல் போனவரின் வீட்டார் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டாரோடு உட்கார வைத்தால், விமானம் எப்படித் தேடும் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டால் சொல்லுங்கள், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. ஆனால் இருட்டும் முன் அது திரும்பிவிடும், மழை வந்தாலும் திரும்பிவிடும் என்று சொல்லி, எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகும் என்பதையும் காலையிலேயே கைநீட்டிக் காட்டிவிடுங்கள். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் காட்டினேன்.